கர்த்தருக்குக் கொடுத்த கோட்டு

நான்காம் அத்தியாயம்

சாரம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலை மருதக்குறிச்சி போலீஸ் டாணாவில் அவள் பேசியது, பக்கத்தில் நின்ற வண்டிக்காரன் முத்துமாலைக்கே பாதிதான் காதில் விழுந்தது. இன்றைக்கு யாருக்கோ பொழுது நல்லபடியாக விடியவில்லை என்று அவன் தெரிந்துகொண்டான்.

"ஏட்டையா, கோட்டைக் காட்டுங்க."

ஏட்டு சுடலைக்கண்ணு மேஜைமேல் கிடந்த சாக்கை விலக்கினார். ஒரு காலர், ஒரு தோள், தோளோடு ஒட்டிய வலது கை முழுசாக, மார்புப் பக்கத்தில் ஒரு சாண் துணி, அதில் கறுத்துப்போன ஒற்றைப் பொத்தான். மற்றதெல்லாம் கரி. காக்கிக் கம்பளி. அறை முழுக்க மயிர் கருகிய நாற்றம்.

"படப்புச் சாம்பல் ஓரத்துல கிடந்துச்சு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்றார் ஏட்டு.

சங்கதி இதுதான். முந்தாநாள் பொழுது சாயும் நேரத்தில் பண்ணையார் காசிலிங்கத்தின் களத்தில் வைக்கோல் படப்பு பற்றி எரிந்தது. பட்டாளத்துக் கோட்டு போட்ட ஒருவன் அங்கிருந்து ஓடியதைப் பண்ணைக் கணக்கப்பிள்ளை பிச்சைக்கண்ணு கண்ணால் பார்த்தாராம். 1919-ஆம் வருஷத்தில், முக்கூடலுக்கு இந்தப் பக்கம் பட்டாளத்துக் கோட்டு என்பது ஒன்றே ஒன்றுதான். அதற்கு உரியவன் பாக்கியசீலன். பஸ்ரா வரைக்கும் போய்ச் சண்டை போட்டு, குண்டுக்கும் தப்பி, காய்ச்சலுக்கும் தப்பி, சொந்த ஊரில் கம்பிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

அவனை உட்கார வைத்த நாளும் பார்த்துப் பொறுக்கின நாள்தான். அன்று சாயங்காலம் தாசில்தார் முகாம் வருகிறார். யுத்தத்துக்குப் போய் வந்தவர்களுக்கு சர்க்கார் கொடுக்கும் நிலத்துக்குப் பட்டா வழங்கப் போகிறார். பாக்கியசீலனுக்கு வாய்க்கால் கரையில் இரண்டு ஏக்கர். அந்த இரண்டு ஏக்கரைப் பண்ணையார் குடும்பம் அப்பா காலத்திலிருந்து, சர்க்காருக்கு அநாவசியத் தொந்தரவு கொடுக்காமல், தானே உழுது சாப்பிட்டு வருகிறது. தீ வைத்தவன் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவான். ஜெயிலுக்குப் போகிறவனுக்குப் பட்டா கிடையாது. நிலம் பழைய கலப்பைக்கே நிற்கும். ஒரு படப்பு வைக்கோலைக் கொடுத்து இரண்டு ஏக்கர் நன்செய் வாங்க முடியுமானால் அதற்கு நெருப்பு என்று பெயர் வைப்பது கூட அநியாயம்.

சாரம்மாள் போலீஸ்காரியல்ல. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற மிஷன் உத்தியோகம் அவளுக்கு. அதனால் இந்த ஆற்றங்கரையில் அவள் நுழையாத அடுக்களை இல்லை. அடுக்களைக்குத் தெரியாத திருட்டும் இல்லை. காணாமல் போன கோழியிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரைக்கும் அவள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். முத்துமாலை அவளுடைய வண்டியை ஓட்டுகிறவன். வேதத்தில் சேராதவன். வண்டி ஓட்டுவதற்கு மிஷன் கூலி கொடுத்தது. வாயை இனாமாக ஓட்டினான்.

"ஏட்டையா, கோட்டு எரிஞ்சிருக்கு. அதுக்குள்ள இருந்த ஆளு ஏன் எரியல?" என்றாள் சாரம்மாள்.

"கழட்டிப் போட்டுட்டு ஓடியிருப்பான்."

"கோட்டோட ஓடினான்னுல்லா கணக்கப்பிள்ளை சொல்லியிருக்காவ."

ஏட்டு மீசையைத் தடவினார்.

"ஓடிப்போயி, பொறவு ஞாபகம் வந்து திரும்ப வந்து போட்டிருப்பான் யம்மா," என்று முத்துமாலை சமாதானம் சொன்னான். "ஊர்ல ஒத்தக் கோட்டு. அதை அடையாளத்துக்கு விட்டுட்டுப் போகாட்டி ஏட்டையா சிரமப்படுவாவன்னு."

"உன் வாயை மூடுலே," என்றார் ஏட்டு.

சாரம்மாள் கம்பிக்கு அருகே போனாள். பாக்கியசீலன் எழுந்து நிற்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தான்.

"பாக்கியசீலா, கோட்டு எங்கலே?"

"கர்த்தருக்குக் கொடுத்துட்டேன் அக்கா. அவருகிட்டக் கேளுங்க."

"விடிஞ்சதுலேருந்து இதையேதான் சொல்லுதான்," என்றார் ஏட்டு. "கர்த்தருக்குச் சம்மன் அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது."

சாரம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

வண்டி, வேதக்காரர்கள் குடியிருக்கும் கோயில் தெருவைப் பார்த்துக் கிளம்பியது. வெறும் பலகையில் உட்கார்ந்த முத்துமாலை நெளிந்தான்.

"ரோடா இது யம்மா. போன வாரம் முக்கூடல்லேருந்து பண்ணையார் களத்துக்கு ஒரு சாக்கு கருப்பட்டி போட்டுட்டு வந்தேன். அது மேல உக்காந்து வந்தேன் பாருங்க, மாமியா வீட்டு மெத்தை தோத்துது. மிஷன்ல சொல்லி நமக்கும் ஒரு சாக்கு..."

"மிஷன் வண்டியில பண்ணையாருக்குக் கருப்பட்டி ஏத்துனியோ?"

முத்துமாலை சட்டென்று மாட்டைப் பார்த்து ஹை என்றான்.

மாடுகள் இரண்டின் நெற்றிப்பட்டையிலும் பித்தளைப் பொத்தான்கள் வெயிலில் மின்னின. அவையும் அந்தக் கோட்டின் பொத்தான்கள்தாம்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவன் தன் உடுப்பை என்ன செய்யவேண்டும் என்று சர்க்கார் எங்கேயும் சொல்லவில்லை. ஆகவே அவரவர் யோசனைக்குத் தக்கபடி செய்தார்கள். வள்ளியூரில் ஒருவர் கத்தரித் தோட்டத்தில் குச்சி நட்டு மாட்டிவிட்டார். காக்கை பயப்படவில்லை, தீர்வை கேட்க வந்த தலையாரிதான் நின்று சலாம் போட்டான். சாத்தான்குளத்தில் ஒருவர் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்த வருஷம் கும்பகர்ணன் காக்கிச் சட்டையோடு தூங்கினான். பாக்கியசீலன் ஒருவன்தான் வேறு யாருக்கும் தோன்றாத ஒரு காரியம் செய்தான். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான்.

அதுவும் பண்ணையார் வீடு இருக்கும் பெரிய தெருவில். கோயில் தெருக்காரன் தோளில் துண்டு போட்டுக்கொண்டு கூட அந்தத் தெருவில் போகிற வழக்கம் கிடையாது. அவன் கோட்டும் பூட்சுமாகப் போனான், கழுத்துவரை ஐந்து பித்தளைப் பொத்தான்களும் பூட்டி. கணக்கப்பிள்ளை பிச்சைக்கண்ணு வழிமறித்து, "என்னலே, பொத்தான் கண்ணைக் குத்துது. கழட்டு," என்றார். "கண்ணை மூடிக்கோரும் வே," என்று சொல்லிவிட்டு பாக்கியசீலன் நடந்தான். அந்த ராத்திரியே வாய்க்கால் மடை அடைபட்டது. கோயில் தெரு வயல்களில் நாற்று காய்ந்தது. சபையார் கூடினார்கள். பண்ணையாரிடம் போவார்கள் என்று பார்த்தால், பாக்கியசீலனிடம் வந்தார்கள். "தம்பி, ஒரு கோட்டுக்காக..." என்று ஆரம்பித்தார்கள்.

அவன் அன்றைக்கே ஐந்து பொத்தானையும் அறுத்தான். நேராக முத்துமாலையிடம் வந்து மாடுகளின் நெற்றியில் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தான். "உன் மாடு தினம் பெரிய தெரு வழியாத்தான போகுது? போகட்டும். மாடு போடலாம்லா," என்றான். அன்றைக்கு முத்துமாலைக்குப் பதில் சொல்ல ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அப்படி ஆனது அது ஒரு தடவைதான். அதற்கு அடுத்த ஞாயிறு, விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை. பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே, பாக்கியசீலன் தன் கோட்டை மடித்துக் காணிக்கையாக வைத்துவிட்டு, ஆராதனை முடியுமுன்னே வெளியே போய்விட்டான்.

காணிக்கைப் பொருள்களைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். முதலில் கோட்டை எடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஞானசிகாமணி.

"எடுத்தேன், திருப்பிக் கொடுத்திட்டேன்," என்றார் வாத்தியார், வாசற்படியை விட்டு இறங்காமல். "கர்த்தருக்கு வச்சதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது மரியாதையா? ரெண்டாவது ஏலத்துக்கு விட்டேன்."

"பொறவு?"

"வேதநாயகம் எடுத்தாரு. அவரும் திருப்பிக் கொடுத்தாரு. அப்புறம் உபதேசியாரு. நம்ம வழக்கந்தான உங்களுக்குத் தெரியும்."

"அப்போ கோட்டு பாட்டுக்கு ஏலத்துலயே நின்னுருக்கு," என்றான் முத்துமாலை. "ஆளுகதான் மாறி மாறிப் புண்ணியத்தைப் போட்டுப் பாத்துருக்காவ."

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "நான் ஏன் முதல்ல எடுத்தேன் தெரியுமா? மனசு கேக்கல. அவனைக் கழட்டச் சொன்ன கூட்டத்துல நானும் இருந்தேன்."

"ஆமா. இருந்தீய," என்றாள் சாரம்மாள். அவள் குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. "அவன் மேல இருந்தவரைக்கும் கழட்டுன்னீய. கழட்டி வச்சதும் போட்டி போட்டு எடுத்தீய. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரல. இன்னைக்கு அவன் கம்பிக்குள்ள இருக்கான். கோட்டு ஏலம் போனது சபை முழுக்கப் பாத்திருக்கு. டாணாவுல போய்ச் சொன்னது யாரு?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "மறுபடியும் மடையை அடைச்சிட்டா..."

"கடைசியா எடுத்தது யாரு?"

இதற்கு மட்டும் வாத்தியாருக்குத் தெம்பு வந்தது. ஏனென்றால் இது ஊரே முணுமுணுத்த சங்கதி. "முக்கூடல் கருப்பட்டி வியாபாரி அசன் மைதீன். வேற மனுசன், வேற மார்க்கம், நம்ம வழக்கம் தெரியல. காசைக் கொடுத்தாரு, கோட்டைக் கக்கத்துல வச்சாரு, போயிட்டாரு. நாங்க எல்லாரும் திருப்பிக் கொடுப்பாரு கொடுப்பாருன்னு நிக்கோம், அவரு பாட்டுக்கு நடையைக் கட்டிட்டாரு."

வண்டி முக்கூடலுக்குக் கிளம்பியது. வழியெல்லாம் சாரம்மாள் குடையை மடித்து மடித்து விரித்தாள். தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது.

அசன் மைதீன் கடைவாசலில் ஓலைப்பெட்டிகள் மலையாகக் கிடந்தன. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தாயீ. கோட்டா? எடுத்தேன். ஏலம்னு கூப்பிட்டாவ, காசு கொடுத்தேன், எடுத்தேன். அதுக்கு ஏன் கோயில் தெரு முழுக்க என்னை முறைக்குன்னு இந்த நிமிசம் வரைக்கும் வெளங்கல."

"எடுத்ததைத் திருப்பி ஏலத்துக்குக் கொடுக்கணும் அண்ணாச்சி. அது அங்கன ஒரு வழக்கம்," என்றான் முத்துமாலை.

"எடுத்ததைக் கொடுக்கவா எடுப்பான் ஒருத்தன்?" அசன் மைதீன் உண்மையாகவே திகைத்தார். "நல்லாருக்கே வே உங்க யாவாரம்."

"கோட்டு உங்களுக்கா அண்ணாச்சி?" என்றாள் சாரம்மாள்.

"இந்த வேக்காட்டுல எனக்குக் கம்பளிக் கோட்டு எதுக்குத் தாயீ. ஒருத்தர் எடுத்துத் தரச் சொன்னாரு. அவரு ஏலத்துல வந்து நிக்கக்கூடாத ஆளு. பேரு சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். வாக்கு வாக்குதான்."

"பேரு வேண்டாம். வாக்கை மீற வேண்டாம். கோட்டு உங்க கடையை விட்டுப் போனது பெட்டியிலயா, சாக்குலயா?"

"சாக்குல."

"எந்த வண்டியில?"

அசன் மைதீன் தாடியைத் தடவியபடி மெல்லத் திரும்பி முத்துமாலையைப் பார்த்தார். அவர் கண் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

சாரம்மாளும் திரும்பினாள். "ஏலே முத்துமாலை. கருப்பட்டிச் சாக்கு எப்படி இருந்துச்சுன்ன?"

"மெத்தை மாதிரி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"கருப்பட்டி என்னைக்குலே மெத்தை மாதிரி இருந்துச்சு?"

முத்துமாலை எதிரே இருந்த ஓலைப்பெட்டிகளைப் பார்த்தான். கருப்பட்டி. ஒவ்வொன்றும் கல். அதன்மேல் உட்கார்ந்து ஒரு மைல் போனால் மனிதன் நின்றுகொண்டே சாப்பிடவேண்டும். இது பிறந்த குழந்தைக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலேயே வாய் பெரியவன் என்று பேரெடுத்த அவன், பாக்கியசீலனின் கோட்டின்மேல் சௌகரியமாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே, அதைப் பண்ணையார் களத்தில் கொண்டு இறக்கியிருக்கிறான். கணக்கப்பிள்ளை தன் கையால் அவனுக்கு வெற்றிலை வேறு கொடுத்தார்.

அவனுக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு வந்தது வெட்கத்தைவிடச் சூடாக இருந்தது.

"காசிலிங்கம் தன் கண்ணுல படக்கூடாதுன்னு காசு கொடுத்து வாங்கியிருக்கான்," என்றான். "வாங்கிக் கொளுத்தியிருக்கான். கொளுத்தின நெருப்பு படப்புக்குத் தாவியிருக்கு. அதுக்குப் பாக்கியசீலனைப் புடிச்சு உள்ள போட்டிருக்கான்."

"ம்," என்றாள் சாரம்மாள்.

"நான் சொல்லுதேன் தாசில்தார்கிட்ட."

"நீ குடியிருக்கது யாரு மண்ணுலன்னு ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசு. நான் உன்னைச் சொல்லுன்னு சொல்லமாட்டேன்."

முத்துமாலையின் குடிசை நிற்பது பண்ணையார் மண்ணில். அவன் ஞாபகம் வைத்துக்கொண்டான். வண்டி மருதக்குறிச்சிக்குத் திரும்பியது. சாட்டை இரண்டு தடவை மாட்டின் மேல் படாமல் காற்றில் சொடுக்கியது.

சாவடி மரத்தடியில் தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நீதியில் அக்கறை உண்டு. இருட்டுமுன் முக்கூடல் போய்ச் சேர்வதில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. பக்கத்து நாற்காலி பண்ணையார் காசிலிங்கத்துக்கு. சந்தனமும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக, நஷ்டப்பட்ட மனிதன் எவ்வளவு அமைதியாக இருக்கவேண்டுமோ அவ்வளவு அமைதியாக இருந்தார். விலங்கோடு பாக்கியசீலன் நின்றான். அவன் மனைவி சாலோமி கூட்டத்தின் ஓரத்தில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு நின்றாள். ஏட்டின் கையில் கருகின கோட்டு.

கணக்கப்பிள்ளை பிச்சைக்கண்ணு சாட்சி சொன்னார். நன்றாகவே சொன்னார். "எஜமான், இவனேதான். நெருப்பு வெளிச்சத்துல அந்தக் கோட்டு, கழுத்துவரைக்கும் பூட்டினது, அஞ்சு பித்தளைப் பொத்தானும் பளபளன்னு மின்னுது. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அஞ்சுமா?" என்றாள் சாரம்மாள்.

"அஞ்சும். எனக்கு அந்தக் கோட்டைத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். ஏலே முத்துமாலை, மாட்டைக் கொண்டா."

முத்துமாலை மாடுகளை நுகத்தடியோடு கூட்டத்துக்குள் ஓட்டிவந்தான். சாயங்கால வெயில் அவற்றின் நெற்றியில் விழுந்தது. வலத்தை மாட்டுக்கு மூன்று, இடத்தை மாட்டுக்கு இரண்டு. அஞ்சும் பளபளவென்று மின்னின.

"அந்தப் பொத்தான் இதுதான் ஐயா. பண்டிகைக்கு முன்னாலயே அறுத்து மாட்டுக்குத் தச்சாச்சு," என்றாள் சாரம்மாள். "இதே கணக்கப்பிள்ளை வீட்டு வாசல் வழியாத்தான் தினம் போகுது. பொத்தானில்லாத துணியைக் கர்த்தருக்கு வைக்கக்கூடாதுன்னு இந்தப் பிள்ளை சாலோமி சிரட்டையில அஞ்சு பொத்தான் தேச்சுத் தச்சா. ஏட்டையா கையில இருக்கதைச் சொரண்டிப் பாருங்க."

ஏட்டு நகத்தால் சுரண்டினார். கரி உதிர்ந்தது. உள்ளே தேங்காய்ச் சிரட்டை.

தாசில்தார் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை மாட்டைப் பார்த்தார். அன்றைக்குத் தெருவில் தன் கண்ணைக் குத்திய அந்தப் பொத்தான்கள் இத்தனை நாளாகக் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டதால், எதிரே வருவதைப் பார்க்க அவருக்கு இடம் இருக்கவில்லை.

"வெளிச்சம் சரியா..." என்றார்.

"படப்பு எரிஞ்ச வெளிச்சம் பத்தாதா வே?" என்றான் முத்துமாலை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தான். "எஜமான், அந்தக் கோட்டைப் பண்ணையார் களத்துல கொண்டு எறக்கினது நான். சாக்குல வச்சிக் கருப்பட்டின்னு சொல்லி ஏத்திவிட்டாவ. நான் அதுமேல உக்காந்து போனேன்."

இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். முத்துமாலை வாயைத் திறந்தால் சிரிப்பது என்று ஊர் பழகியிருந்தது. முதல் தடவையாக அவனுக்கு அந்தச் சிரிப்பு அறைந்ததுபோல் இருந்தது.

பண்ணையார் அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். "வண்டிக்காரன் பேச்சு ஊரறிஞ்சது. கருப்பட்டின்னா கருப்பட்டிதான். ஏலே, நாளைக்கே உன் குடிசையைப் பிரிச்சுக்கிட்டு வேற மண்ணு பாத்துக்கோ."

தாசில்தார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் பொத்தான், ஒரு பக்கம் பண்ணையார். விசாரணையை வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்தால் என்ன என்று அவர் முகம் யோசித்தது. தள்ளிவைத்தால் பாக்கியசீலன் ஜெயிலில் காத்திருப்பான். பட்டாவும் ஜெயிலுக்கு வெளியே காத்திருந்து, ஒரு நாள் வேறு யாரோடாவது போய்விடும். சாலோமிக்கு அது புரிந்தது. பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

சாரம்மாள் பண்ணையார் பக்கம் ஓரடி வைத்தாள். அவள் பேசியதைக் கேட்க எல்லாரும் முன்னால் சாயவேண்டியிருந்தது.

"நீங்க ஜெயிலுக்கு அனுப்பினாலும் அனுப்பாட்டாலும் ஒண்ணு நடக்கும் அண்ணாச்சி. அந்தக் கோட்டு பாக்கியசீலன் முதுகுலதான் ஏறும். அதைப் போட்டுக்கிட்டு, உங்க பெரிய தெரு வழியா, உங்க வாசலைத் தாண்டித்தான் அவன் வாய்க்கால் கரைக்குப் போவான்."

பண்ணையாரின் அமைதி கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

"எப்படிப் போவான்?"

"எப்படியும் போவான். கோட்டு இருக்கு."

"எங்க இருக்கு?" பண்ணையார் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "என் காசு. நான் வாங்கினது. நானே நின்னு எண்ணெய் ஊத்தி எரிச்சேன். என் களம், என் நெருப்பு. எவன் கேக்கது? என் தெருவுல எவன் கோட்டு மாட்டிக்கிட்டு..."

அங்கே நிறுத்தினார். நிறுத்தியிருக்க வேண்டிய இடம் நாலு வாக்கியத்துக்கு முன்னாலேயே போய்விட்டது.

"எல்லாம் உங்களோடதுதான்," என்றாள் சாரம்மாள். "காத்து மட்டும் உங்களோடது இல்ல. அது படப்புக்குக் கொண்டுபோயிட்டு."

தாசில்தார் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். ஏட்டு, யாரும் சொல்லாமலே, விலங்குச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

பட்டா கொடுக்கப்பட்டது. பொய்ப் புகார் கொடுத்ததற்கும் பொய்ச்சாட்சி சொன்னதற்கும் என்ன செய்வதென்று மேலிடத்தைக் கேட்டு யோசிப்பதாகத் தாசில்தார் சொன்னார். தன் வைக்கோலைத் தானே எரித்தவனுக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்றும், அதை வருத்தத்தோடு சொல்வதாகவும் சொன்னார். பாக்கியசீலன் பட்டாவைக் கையில் வாங்கினான், கும்பிடவில்லை. "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டான். தாசில்தாருக்கு முக்கூடல் ஞாபகம் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் முத்துமாலை சாரம்மாளிடம் மெதுவாகக் கேட்டான். "வேதம் வாசிக்கிறவுக பொய் சொல்லலாமா யம்மா? கோட்டு இருக்குன்னீயளே."

"இல்லன்னு யாருலே சொன்னா?" என்றாள் அவள், ஏட்டின் கையைப் பார்த்து.

மறுநாள் காலை பெரிய தெருவில் ஒரு வண்டி வந்தது. வண்டியில் முத்துமாலையின் குடிசை பிரித்து ஏற்றப்பட்டிருந்தது: ஓலை, மூங்கில், சட்டிபானை. வாய்க்கால் கரையில் பாக்கியசீலன் அவனுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தான். மாடுகளின் நெற்றியில் ஐந்து பொத்தான்களும் இருந்தன. அறுத்துத் தருகிறேன் என்று முத்துமாலை சொன்னபோது, "வேண்டாம், அதுக்கு நல்லாருக்கு," என்று பாக்கியசீலன் சொல்லிவிட்டான்.

அவன் வண்டிக்கு முன்னால் நடந்தான். காலில் பூட்சு. மேலே ஒரு காலர், ஒரு தோள், ஒரு கை. இடது பக்கம் வெறும் உடம்பு. சிரட்டைப் பொத்தானுக்கு மாட்டத் துளை இல்லாததால் சாலோமி அதைக் கயிற்றால் அவன் இடுப்போடு இழுத்துக் கட்டியிருந்தாள். கோயில் தெருவிலிருந்து வாத்தியார் ஞானசிகாமணி கொஞ்ச தூரம் பின்னால் வந்தார், தோளில் துண்டோடு. தெரு முனையில் துண்டின் மேல் கை வைத்தார். சாரம்மாள் திரும்பிப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டார்.

பண்ணையார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் ஒரு பலகை மட்டும் விரலளவு திறந்திருந்தது.

பாக்கியசீலன் வாசலுக்கு நேரே நின்றான். குதிகாலைச் சேர்த்தான். முழுசாகத் தப்பிய அந்த வலது கையைத் தூக்கி, பஸ்ராவில் பழகியதுபோலவே, நெற்றிக்கு ஒரு சல்யூட் வைத்தான். வண்டி கடந்து போகும்வரைக்கும் கையை இறக்கவில்லை.

ஜன்னல் பலகை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் தெருவில் மயிர் கருகிய நாற்றம் நின்றது.